சேர்ந்து வரக்கூடாதவர்கள்

டொரொன்டோவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகளும் மருமகனும் பிரிந்துவிட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, ஓராண்டு வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்தார்கள், பின்னர் இருவரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டார்கள், முடிந்துவிட்டது என்றார். தகப்பனுக்குரிய வருத்தம் குரலில் இருந்தது. ஆயினும் அதற்குள் ஒரு வியப்பும் இருந்தது. "ஒரே மனுவில ரெண்டு பேரும்! நம்ம ஊர்ல உங்க அப்பா மேசைக்கு முன்னால நின்னவங்கள நினைச்சுப் பாத்தேன்" என்றார்.

அந்த மேசையை நானும் மறக்கவில்லை.

எனது தந்தையார் நாவலப்பிட்டியில் பெட்டிசம் எழுதுபவர். இரண்டு தட்டச்சுப் பொறிகள் வைத்திருந்தார். ஒன்று ஆங்கிலம், மற்றது சிங்களம். தமிழைக் கையால் எழுதுவார். பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டு, சேமலாப நிதிப் பணம் கேட்டு, பிரசாவுரிமை கேட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருபவர்களே அவருடைய முதன்மையான வாடிக்கையாளர்கள். மழை ஓயாத ஊர் அது. ஆகவே மேசைக்கு மேல் எப்போதும் ஒரு பொலித்தீன் கூரை. கூரையின் நடுவில் தேங்கும் நீரைக் குடைக்கம்பால் குத்தி வடித்துவிடுவது சிறுவனான எனது வேலை.

அந்த மேசைக்கு முன்னால் தம்பதிகளும் வந்து நிற்பார்கள். பிரிய விரும்பும் தம்பதிகள். தொலஸ்பாகைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கணவனும் மனைவியும் சேர்ந்தே வருவார்கள். தந்தையார் அவர்களிடம் ஓரிரு கேள்விகள் கேட்டு, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, கண்டிக் கச்சேரிக்குப் போகும்படி சொல்வார். (தமிழகத்து வாசகர்கள் பாட்டுக் கச்சேரி என்று எண்ணவேண்டாம். எங்கள் நாட்டில் கச்சேரி என்பது அரசாங்க அதிபரின் பணிமனை.) இருவரும் ஒரே கோச்சியில் ஏறிப் போவார்கள். கடைத்தெருவின் முஸ்லிம் குடும்பம் என்றால் அவர் பேனாவை மூடிவிட்டு, "காதியாரைப் பாருங்க" என்பார். தோட்டத்திலிருந்து தமிழ்த் தம்பதியர் சேர்ந்து வந்து நின்றாலோ, அவர் முகத்தில் ஒரு சங்கடம் தோன்றும். தாழ்ந்த குரலில் சொல்வார்:

"நீங்க ரெண்டு பேரும் சேந்து வரக்கூடாதும்மா. யாராச்சும் ஒருத்தரு மேல தப்பு இருக்கணும்."

ஒரே ஊர், ஒரே மழை. அப்படியிருக்க இவர்கள் மட்டும் ஏன் சேர்ந்து வரக்கூடாது? சிறுவயதில் தோன்றிய அந்தக் கேள்விக்கு விடை தேடப் பின்னாளில் பழைய சட்டத் தொகுதிகளைப் புரட்டவேண்டியிருந்தது. விடை நாவலப்பிட்டியில் இல்லை. ஒரு பாதி கண்டி அரசர்களின் காலத்திலும், மறுபாதி ஒல்லாந்திலும் கிடந்தது.

முதலில் கண்டிப் பாதி. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று 1681இல் தமது நூலை வெளியிட்டார். அவர் இறுதியாகத் தங்கியிருந்த எலதெத்தைக் கிராமம் கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில் உள்ளது. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. மலைநாட்டு மக்களின் மணவாழ்வைக் கண்ட அந்தக் கிறிஸ்தவர் திகைத்துப் போனார். மனம் ஒவ்வாவிடின் இருவரும் இழிவேதுமின்றிப் பிரிந்துவிடுகிறார்கள் என்றும், பிள்ளைகள் இருந்தால் ஆண்பிள்ளைகள் தகப்பனோடும் பெண்பிள்ளைகள் தாயோடும் போவது வழமை என்றும் எழுதி வைத்தார். மணமுறிவு என்பது ஏதோ ஒரு பாவத்துக்குக் கிடைக்கும் தண்டனை என்று கருதிய நாட்டிலிருந்து வந்தவருக்கு, அது வெறும் பிரிவாக மட்டும் இருப்பது புரியவில்லை.

கண்டியச் சிங்களவரின் மணமுறையில் இரு வகைகள் இருந்தன. மனைவி கணவன் வீட்டுக்குப் போய் வாழ்வது தீக விவாகம். கணவன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வது பின்ன விவாகம். பின்ன மாப்பிள்ளையின் நிலை சற்று வேடிக்கையானது. ஊன்றுகோலும் தாளிப்பனை ஓலையும் தீப்பந்தமும் அவன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கவேண்டும் என்பது மலைநாட்டு மரபுரை. போகச் சொன்னால் இரவானாலும் மழையானாலும் நோயானாலும் அவன் புறப்பட்டாக வேண்டும் அல்லவா! எங்கள் ஊர் மழையை அறிந்தவர்களுக்கு அந்த ஓலையின் அருமை தெரியும்.

ஆனால் இதையெல்லாம் பெண்விடுதலை என்று போற்றிப் பாட நான் தயாராக இல்லை. தீக முறையில் மணமுடித்துச் சென்ற பெண் தந்தையின் முதுசத்தில் தனது பங்கைப் பொதுவாக இழந்தாள். பிரிவு எளிதாக இருந்தது. பிரிந்தபின் எங்கே போவது என்பது எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடைசி நாயக்க மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். 1832இல் அங்கேயே மாண்டான். அந்த ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் தமிழெழுத்தில் ஒப்பமிட்டதை நம்மவர்கள் அடிக்கடி பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, மக்களின் சட்டங்களும் வழமைகளும் பேணப்படும் என்று அதில் அளிக்கப்பட்ட வாக்குறுதியே. கண்டியின் முதல் வதிவிட அதிகாரி ஜோன் டொயிலியும், சோயர்ஸ், ஆமர் போன்றோரும் அந்த வழமைகளைத் திரட்டி எழுதினர். கண்டியச் சட்டம் என்று இன்று நாம் அறிவதன் பெரும்பகுதி அவ்வாறு ஏட்டுக்கு வந்ததுதான்.

வாக்குறுதி நாற்பத்து நான்கு ஆண்டுகளில் கசக்கத் தொடங்கிற்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டி மாகாணங்களின் விவாகங்களை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டது. சகோதரர்கள் ஒரே மனைவியுடன் வாழும் வழக்கமும் பலதார மணமும் தடைசெய்யப்பட்டன. பதிவில்லாத விவாகம் செல்லாது என்றாயிற்று. பிரிவதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. கண்டியப் பிரதானிகள் சிலரே இத்தகைய சட்டத்தை வேண்டி நின்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும்; எல்லாப் பழியையும் வெள்ளையர் தலையில் போடுவது வரலாறு ஆகாது.

மக்கள் என்ன செய்தார்கள்? ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பழையபடி மணந்தார்கள், பழையபடி பிரிந்தார்கள், பழையபடி மறுமணம் செய்தார்கள். விளைவாக, சட்டத்தின் கண்ணில் கிராமம் கிராமமாக மணமாகாதவர்களும் முறைதவறிப் பிறந்த பிள்ளைகளும் பெருகினர். காணி வழக்குகளில் யார் வாரிசு என்று தீர்மானிக்க முடியாத நிலை. பதினோராண்டுகளின் பின் அரசாங்கம் இறங்கி வந்தது. 1870ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மனமொத்த பிரிவைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. அதுவும் நீதிமன்றத்தில் அல்ல, பதிவாளர் முன்னிலையில். விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், லண்டனில் ஒருவர் மற்றவரது சோரத்தை நிரூபித்தால் மட்டுமே விவாகரத்துப் பெறமுடிந்த காலத்தில், அதே மகாராணியின் குடிகளான கண்டியக் கமக்காரர்கள் இருவரும் சம்மதித்துப் பிரிய உரிமை பெற்றிருந்தார்கள். கையெழுத்திட மறுத்தே வென்ற உரிமை என்று இதை நான் கருதுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் அதனைத் தொடர்ந்து பேணியது. மனைவியின் சோரம், கொடுமையோ முறைகேடான உறவோ சேர்ந்த கணவனின் சோரம், இரண்டாண்டுக் கைவிடல் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, இறுதியில் இரண்டு காரணங்களை வைக்கிறது. ஒன்று, மகிழ்ச்சியாகச் சேர்ந்து வாழ இயலாமை; ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருப்பதே அதற்குச் சோதனை. மற்றது, பரஸ்பர சம்மதம். மாவட்டப் பதிவாளர் விசாரித்துக் கட்டளையிடுவார்.

சட்டப் புத்தகங்களில் மகிழ்ச்சி என்ற சொல்லை நான் அதிகம் கண்டதில்லை. அதைக் கண்ட இடத்தில் சிறிது நேரம் நின்றேன். ஆனால் அதே பிரிவின் மேல்வரிகளில் மனைவிக்கு ஒரு நீதி, கணவனுக்கு ஒரு நீதி இருப்பதும் கண்ணில் படாமற் போகவில்லை. மனைவியின் சோரம் தனியாகவே போதும். கணவனுடையதற்கு மட்டும் துணைக்குற்றம் வேண்டும்.

இந்தச் சட்டம் கண்டிக்கு உரியதா, கண்டியருக்கு உரியதா? அதாவது ஊரின் சட்டமா, இனத்தின் சட்டமா? கோப்பித் தோட்டங்கள் பெருகி, தமிழகத்திலிருந்து தொழிலாளர்களும், கரையோரத்திலிருந்து வணிகர்களும் மலைநாட்டில் குடியேறத் தொடங்கியபின் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் கரையோரச் சட்டத்தைப் புகுத்தியது. நீதிமன்றங்களும் காலப்போக்கில், கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவரின் ஆள்சார் சட்டமே என்று உறுதிசெய்தன. 1874இல் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை எட்டியது. அதில் வந்திறங்கிய எங்கள் முன்னோர் எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்தாலும், மகாவலியின் நீரைக் குடித்தாலும், கண்டியர் ஆகமாட்டார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு எந்தச் சட்டம்? இங்கேதான் ஒல்லாந்தர் வருகிறார்கள்.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்டவர்கள். மலைநாட்டை அவர்கள் ஒருபோதும் ஆளவில்லை. 1796இல் அவர்களை வெளியேற்றிய பிரித்தானியர், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அவர்களது உரோமன்-டச்சுச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதுவே நாட்டின் பொதுச் சட்டமாயிற்று. சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் சாயல் படிந்த அந்தச் சட்டத்துக்கு மணமுறிவு என்பது குற்றத்தின் விளைவு. குற்றவாளி ஒருவர் வேண்டும், குற்றமற்றவர் ஒருவர் வேண்டும். இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்தால் அது கூட்டுச்சதி, வழக்கே தள்ளுபடியாகும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களை வைத்தது: மணத்தின் பின்னரான சோரம், தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத உடலியலாமை. நூறாண்டுகளுக்கு மேலாக அந்த மூன்றுக்குள்தான் கோடிக்கணக்கான மணவாழ்வுகளின் துன்பமெல்லாம் அடங்கவேண்டியிருந்தது. ஒல்லாந்து தேசமே 1971இல் இந்தக் குற்றக் கோட்பாட்டைக் கைவிட்டு, மணவாழ்வு சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டதா என்று மட்டும் கேட்கத் தொடங்கியது. உரோமன்-டச்சுச் சட்டத்தின் மற்றொரு வீடான தென்னாபிரிக்கா 1979இல் அதையே செய்தது. தாய்வீட்டில் கழித்த துணியை நாம் உடுத்திக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்து வாசகர்கள் தேசவழமை உண்டே என்பார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, வடமாகாணத் தமிழருக்குரியது. மலையகத் தமிழரை அது தீண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தவரும்கூட விவாகரத்துக்கு இந்த மூன்று காரணங்களின் வாசலுக்குத்தான் வரவேண்டும். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும். இருவரும் இணங்கிப் பிரியும் முபாறத் என்னும் வழி அவர்களது சமயச் சட்டத்தில் உண்டு. காதி முறைமையில் பெண்கள் படும் இன்னல்கள் பற்றி முஸ்லிம் பெண்களே நீண்டகாலமாகக் குரலெழுப்பி வருகிறார்கள். அது தனியே எழுதவேண்டிய பொருள்.

சரி, எங்கள் மக்களுக்கென்று பிரிவுக்கு ஒரு வழமையும் இருந்ததில்லையா? இருந்தது. அதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது.

தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தே தோட்டங்களுக்குப் பெரும்பாலானோர் வந்தனர். அப்பகுதிச் சமூகங்கள் பலவற்றில் தீர்த்துக்கொள்வதும் அறுத்துக் கட்டுவதும் சாதாரண வழக்கங்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளில், மதுரைப் பக்கத்து மக்களிடையே துரும்பு கொடுத்துப் பிரியும் வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. ஊரார் முன்னிலையில் ஒருவர் ஒரு துரும்பைக் கொடுப்பார், மற்றவர் வாங்கிக்கொள்வார், உறவு தீர்ந்தது. துரும்பு கொடுத்தல் என்றாலே விவாகரத்து என்றும், துரும்பு வாங்குதல் என்றால் அதற்கு இணங்குதல் என்றும் பொருள் வழங்கிற்றாம். கடல் கடந்து வந்தவர்கள் தெய்வங்களையும் கூத்தையும் கொண்டுவந்தது போல இந்த வழக்கங்களையும் கொண்டுவந்தார்கள். லயத்து முற்றத்தில் பெரிய கங்காணியும் தலைவர்மாரும் கூடிப் பஞ்சாயத்து வைத்து, பரிசத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பிள்ளை யாரிடம் வளர்வது என்று முடிவுசெய்து, இருவரையும் அனுப்பிவைப்பார்கள். என் பாட்டியார் இப்படியான பஞ்சாயத்துகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதையும், கங்காணிக்கு வேண்டியவர் பக்கம் நியாயம் சாய்வதுண்டு என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இந்தியாவில், 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் இத்தகைய வழமைப் பிரிவுகளை அழிக்காமல் விட்டுவைத்தது. இலங்கையிலோ கண்டியரின் வழமை சட்டமாயிற்று, எங்கள் வழமை வெறும் லயத்துப் பேச்சாயிற்று. கண்டியர் பதிவேட்டைப் புறக்கணித்தபோது அரசாங்கம் இறங்கி வந்தது. தோட்டத்து மக்கள் பதிவு செய்யாமல் தாலிகட்டி வாழ்ந்தபோது எவரும் இறங்கி வரவில்லை. கண்டியரிடம் காணியும் பிரதானிகளும் இருந்தனர். எங்களிடம் இருந்தது துண்டும் கடனும்.

பிறகு ஒரு காலம் வந்தது. பதிவுச் சான்றிதழுக்காக எங்கள் மக்கள் அலைந்த காலம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின், 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான சட்டம் வந்தது. பிரசாவுரிமை கோருபவர் மணமானவராயின் ஏழாண்டு, மணமாகாதவரோ துணையை இழந்தவரோ விவாகரத்தானவரோ ஆயின் பத்தாண்டு தொடர்ந்து நாட்டில் வதிந்திருக்கவேண்டும் என்றது அது. இரண்டும் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்பான காலம். அதாவது ஒரு மனிதனின் தாலிக்கயிற்றுக்கு மூன்றாண்டு வதிவின் எடை! மணத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். மணம் முறிந்ததை நிரூபிக்கவும் காகிதம் வேண்டும். பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு வேறொருவருடன் வாழ்ந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தந்தையாருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த முதியவர், அந்த நாட்களில் விண்ணப்பப் படிவத்தைவிட அதற்கு முன் நடக்கும் அழுகைதான் நீளமானது என்று சொல்வாராம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் பிரிந்த காட்சிகளைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அதன் சிறியதொரு வால்நுனி. போன அண்ணன் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்கிறார். அவருக்கு 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் பொருந்துகிறது. 1976இல் அதில் 13ஆ என்ற பிரிவு சேர்க்கப்படுகிறது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் கூட்டாக மனுப்போடலாம். ஆறு மாதம் கழித்து மனம் மாறவில்லை என்று இருவரும் சொன்னால் மணமுறிவு. அந்த ஆறு மாதத்தையும் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. சீர்செய்ய முடியாதபடி முறிந்த மணவாழ்வைத் தானே நேரடியாக முடித்துவைக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 2023 மே 1ஆம் திகதி அதன் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இங்கே நின்றுவிட்ட தங்கைக்கு 1907ஆம் ஆண்டின் மூன்று காரணங்கள். ஒரே லயத்து அறையில் பிறந்த இருவருக்கு இரண்டு ஒப்பந்த அரசுகள் கொடுத்த சீதனம் இது.

இலங்கையில் ஒருமுறை கதவு திறந்தது போலத் தோன்றியது. 1977இல் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் செய்யப்பட்ட திருத்தம், ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தவர் விவாகரத்துக் கோரலாம் என்றது. 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், யார் மீதும் குற்றம் நிரூபிக்காமலே இதன்படி மணத்தை முடிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. தந்தையாரின் மேசையில் சிறிது காலம் நம்பிக்கை நிலவியது. 1986இல் உயர் நீதிமன்றம் (தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் இப்படி அழைக்கிறோம்) அதை மூடியது. திருத்தம் நடைமுறையைப் பற்றியது மட்டுமே. விவாகரத்துக்கான காரணங்கள் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள அந்த மூன்றுதான். ஏழாண்டானாலும் குற்றம் நிரூபிக்கப்படவேண்டும் என்றது. சட்ட வரிகளைக் கூர்ந்து படித்தால் அந்தத் தீர்ப்பில் தர்க்கம் இல்லாமலில்லை. நாடாளுமன்றம் அரைகுறையாகச் செய்த வேலையை நீதிமன்றம் முடித்துவைக்க மறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன்பின் சீர்திருத்த யோசனைகள் கொழும்பில் பலமுறை பேசப்பட்டன. பேச்சுக்குக் குறைவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகளின் பின், 1990இல், நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகங்கள் நெடுநாள் மூடிக்கிடந்து திறக்கத் தொடங்கிய காலம். தந்தையாருக்குக் கண் மங்கிவிட்டபடியால் தட்டச்சு வேலையில் நான் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அக்கா வந்தார். கொழுந்து பறிப்பவர், எங்கள் வீட்டுக்குப் பின்புற மேட்டில் உள்ள தோட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். எட்டாண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். சண்டை இல்லை. ஏன் பிரிந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு மகள், ஒன்பது வயது. மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள்.

தந்தையார் வழமையான வாசகத்தைச் சொன்னார். யாராவது ஒருவர் மீது தப்பு இருக்கவேண்டும்.

அந்த அண்ணன் சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எம்மேலேயே எழுதிக்கங்க ஐயா" என்றார்.

"எழுதிக்கங்கன்னா, என்ன எழுதுறது தெரியுமா? பொண்டாட்டி புள்ளைய அனாதரவா வுட்டுட்டு ஓடிட்டேன்னு எழுதணும். நாளைக்கு இந்தப் புள்ள படிக்கும்."

"படிச்சா நா சொல்லிக்கிறேன் ஐயா."

சட்டத்தரணி ஒருவர் முறைப்பாட்டை வரைந்து தந்தார். நான் சிங்களத்தில் தட்டச்சுச் செய்தேன். பிரதிவாதி நியாயமான காரணம் எதுவுமின்றி, திரும்பிவரும் எண்ணம் இல்லாமல், தீய நோக்குடன் வாதியைக் கைவிட்டுச் சென்றார் என்பது அதன் சாரம். அக்காவுக்குச் சிங்களம் படிக்கத் தெரியாது. கையொப்பமிடுமுன் தமிழில் சொல்லும்படி கேட்டார். தந்தையார் சொன்னார். இது பொய்யல்லவா ஐயா, கோயில்ல வேணும்னா கேளுங்க, அவரு அப்படிப்பட்டவரு இல்லியே என்றார் அக்கா. தந்தையார் பதில் சொல்லவில்லை. நான் கார்பன் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குமுன் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்கள் கோயிலில் தாலி கட்டியவர்கள்; பதிவு இல்லை. இந்து வழமைப்படி நடந்த மணத்தை இலங்கை நீதிமன்றங்கள் பதிவில்லாமலும் ஏற்பதுண்டு. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். ஆகவே பிரிவதற்கு முன் மணந்ததை நிரூபிக்க, அன்றைய பூசகரையும் ஒரு மாமனையும் தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. பதிவில்லாவிட்டால் பேசாமல் போய்விடலாமே என்று கேட்கத் தோன்றும். அக்காவைக் கேட்க ஒருவர் இருந்தார். அவருடைய வீட்டார் முறையான காகிதம் இல்லாமல் சம்மதிக்கமாட்டோம் என்றார்கள். காலம் மாறிவிட்டிருந்தது. லயத்து முற்றமும் இப்போது காகிதம் கேட்டது.

வழக்கு ஒருதரப்பு விசாரணையாக நடந்தது. பிரதிவாதிக்கு அழைப்பாணை போயிற்று, அவர் வரவில்லை, வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அக்கா கூண்டில் ஏறி, மொழிபெயர்ப்பாளர் வழியாக, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். முதல் தீர்ப்பாணை வழங்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து அது முற்றானதாகும் என்றார்கள். நானும் தந்தையாரும் அவரை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம்.

மேடையில் ஓரமாக அந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். கையில் ஒரு பை; உள்ளே மகளுக்கு வாங்கிய பள்ளிச் சப்பாத்து. தீர்ப்பு என்னவாயிற்று என்று அவர் கேட்கவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தார், பிறகு தந்தையாரைக் கும்பிட்டார். கோச்சி வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, சன்னலோரம் ஓர் இடம் பிடித்து, துவாயைப் போட்டு வைத்துவிட்டு இறங்கி வந்து, "ஏறிக்க" என்றார். அக்கா ஏறினார். சப்பாத்துப் பையைச் சன்னல் வழியாக நீட்டி, அளவு சரியில்லையென்றால் அடுத்த மாதம் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

அவருடைய கொழும்புக் கோச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.